திருநீறு பூசிய கால்

எமர்ஜென்சி வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

எலும்புக்குள் ஊசி போடுவதை உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ரப்பர் பொம்மையின் காலில் போட்டும் பார்த்திருப்பீர்கள். அதையே நான் மறுபடி சொல்லப்போவதில்லை. சொல்லும் படிப்பும் எனக்கில்லை. பத்தாவது முடித்துவிட்டு வார்டு உதவியாளாகச் சேர்ந்தவன் நான். ஆனால் இருபத்தெட்டு வருடம் குழந்தைகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன். ஊசி போடுவது டாக்டர் வேலை. காலை அசையாமல் பிடித்து, இதோ இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டுவது என் வேலையாக இருந்தது. அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

தினமும் குளித்து, நெற்றி நிறைய திருநீறு இட்டு, சிவனே என்று சொல்லிவிட்டுத்தான் டூட்டிக்குக் கிளம்புவேன். என் விரல் நுனியில் அவன் இருக்கிறான் என்று நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அப்படிப்பட்டவனுக்கு அந்தத் திருநீறே ஒரு நாள் கண்ணை மறைத்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரி செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டி இருந்தது. ஒரு அறக்கட்டளை நடத்தியது. இப்போது அது இல்லை. கட்டடத்தில் வேறு ஏதோ நடக்கிறது. தொண்ணூறுகளில் அந்தப் பக்கத்துக் கடலோர ஜனங்களும் உள்ளூர் விவசாயக் குடும்பங்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிவருவது அங்கேதான். கோடை வந்தால் வாந்தி பேதி. நீர் வற்றிப்போன குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காது. எல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். எலும்பு மட்டும் எங்கேயும் போகாது. முழங்காலுக்குக் கீழே, காலின் உட்பக்க எலும்பில் கெட்டியான ஊசியை இறக்கிவிட்டால் மஜ்ஜை வழியாக சலைன் நேராக ரத்தத்தில் போய்ச் சேரும். இதற்கென்று தனியாக ஊசி அன்றைக்கு எங்களிடம் கிடையாது. மஜ்ஜை எடுக்கும் ஊசியைத்தான் வைத்திருந்தோம்.

எங்கே இறக்குவது என்பதில் ஆளுக்கொரு வழி வைத்திருந்தோம். எங்கள் சிஸ்டர் முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு விரல், பிறகு உள்பக்கமாக ஒரு விரல் என்று அளப்பார். முன்பிருந்த டாக்டர் ஒருவர் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கத்தரித்து, கோடு போட்டு, ஒரு அளவுகோல் செய்துவைத்துவிட்டுப் போயிருந்தார். அது ஊசி டிரேயிலேயே கிடக்கும். நான் எதையும் அளக்கமாட்டேன். சில்லுக்குக் கீழே எலும்பில் ஒரு மேடு தட்டும். அதிலிருந்து உள்பக்கமாக விரலை வழுக்கிவிட்டால் தட்டையான எலும்பு வரும். அதன் இரண்டு ஓரத்தையும் தொட்டுப் பார்த்து நடுவில் நிறுத்துவேன்.

அப்போது எங்களுக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். இந்த மூன்று வழியையும் ஒரு வாரம் பார்த்தார். ஒரு மத்தியானம், வார்டில் கூட்டமில்லாத நேரம், எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எது சரின்னு வாயால சண்டை போட வேண்டாம். கால்ல வரைஞ்சு பார்த்துருவோம்" என்றார்.

முதலில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஏழுமலையின் கால். ஆளுக்கொரு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. சிஸ்டர் சிவப்பு, நான் நீலம். ஃபிலிம் அளவுகோலை டாக்டரம்மாவே வைத்துப் பச்சைப் புள்ளி இட்டார்.

"மெதுவா வையி அண்ணாத்த, கூசுது" என்று நெளிந்தான் ஏழுமலை. "ஆட்டுக்குச் சீல் குத்தற மாதிரியில்ல குத்துறீங்க! சாயந்தரம் வூட்டுக்குப் போனா இன்னான்னு கேக்கமாட்டா?"

"கேட்டா எங்களை வந்து கேக்கச் சொல்லு" என்றார் சிஸ்டர்.

வளர்ந்த காலில் மூன்று புள்ளியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் விழுந்தன. எல்லாரும் நிம்மதியாகச் சிரித்தோம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஏழுமலையை எழுப்பி, சிஸ்டரின் அளவுப்படி அவன் விரலை அவன் காலிலேயே வைக்கச் சொன்னார். அவனுடைய இரண்டு விரல் சிஸ்டரின் மூன்று விரல் அகலம். புள்ளி எங்கேயோ போய் விழுந்தது.

"ரெண்டு விரல்னு புத்தகத்துல போட்டிருக்கு. யாரோட விரல்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

அடுத்து சிஸ்டரின் மகன். பதினொரு மாதம். கொழுகொழுவென்று இருப்பான். மடியில் உட்காரவைத்து, கையில் பிஸ்கட் கொடுத்து, காலை நீட்டிப் பிடித்தோம். அந்த வயதில் நான் நம்பியிருந்த மேடு கைக்குத் தட்டவே இல்லை. குழந்தைகளுக்கு அது பிறகுதான் தெளிவாக வளரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என்றாலும் சதைக்கு அடியில் தட்டையான எலும்பு கிடைத்தது. நீலப் புள்ளி வைத்தேன். சிவப்பு அதிலிருந்து ஒரு விரல் மேலே. பச்சை பக்கவாட்டில் தள்ளிப்போய்விட்டது. அந்த அளவுகோல் வளர்ந்த காலுக்குச் செய்தது.

"எம்புள்ள காலு எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்ட விரலு மாதிரி ஆயிருச்சு. அதுவும் மூணு கட்சிக்கு" என்றார் சிஸ்டர்.

கடைசியில் டாக்டரம்மா ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தார். ஊசி போடும்போது கால் அப்படித்தான் மடங்கி இருக்க வேண்டும். மடங்கியதும் மூன்று புள்ளியும் இடம் மாறிவிட்டன. தோல் நகர்ந்ததே தவிர எலும்பு நகரவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரை எத்தனை குழந்தைக்கு நேராக நீட்டிய காலில் பேனாவால் குறித்துவிட்டு, பிறகு துண்டு வைத்திருக்கிறோம்!

டாக்டரம்மா கறுப்புப் பேனாவை எடுத்து, கண்ணை மூடி, தடவித் தடவி ஒரு புள்ளி வைத்தார். அது என் நீலப் புள்ளிக்குத்தான் பக்கத்தில் இருந்தது.

"முதல்ல துண்டை வைங்க. அப்புறம் அளங்க. அளந்து முடிச்சதும் தொட்டுப் பாருங்க. அளவு ஒண்ணு சொல்லி, விரல் வேற சொன்னா, விரல் சொல்றதைக் கேளுங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இனி இந்த வார்டுல இடம் பார்க்கிறது நீங்கதான்" என்றும் சொன்னார்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை. மிதந்து போனேன். சாமி படத்துக்கு முன்னால் விரலை நீட்டிக் காட்டி, இது நீ கொடுத்தது என்று சொன்னேன். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, விரலில் காயமா என்று கேட்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். அக்னி நட்சத்திர வெயில், காலை பதினோரு மணி. புதுப்பட்டினத்திலிருந்து ஒரு மீனவக் குடும்பம் வேனில் வந்து இறங்கியது. தகப்பன் தோளில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. பெயர் பவானி. ராத்திரி தொடங்கிய வாந்தி பேதி. தலை தொங்கியது. கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகி, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. நாடி கிடைக்கவில்லை. இதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் உள்ளே நீர் போகாவிட்டால் அந்தக் குழந்தை இல்லை.

தாய் அலறிய அலறலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. "அம்மாவை வெளியில் நிறுத்துங்க" என்றேன். ஏழுமலை அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போனான். அப்படிச் சொன்னது நான்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர் இரண்டு கையிலும் பார்த்தார். நரம்பு இல்லை. டாக்டரம்மா, "எலும்புதான். அண்ணாச்சி, இடம்" என்றார்.

குழந்தையின் இரண்டு காலிலும் முழங்காலிலிருந்து பாதம் வரை திருநீறும் மஞ்சளும் குழைத்துப் பூசியிருந்தது. காய்ந்து வெடித்திருந்தது.

"இது இன்னா?" என்று தகப்பனைக் கேட்டேன்.

"பாப்பாவுக்குக் காலு ஜில்லுனு ஆயிருச்சு சார். வர்ற வழியில அம்மன் கோயிலாண்ட நிறுத்தினோம். பூசாரிதான் தேய்ச்சு வுட்டாரு. கண்ணு தொறக்கற வரிக்கும் தொடைக்கக் கூடாதுன்னாரு."

"இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கனா ஊசி போட்டாங்களா?"

"ஊர்ல ஒரு கிளினிக்குல கையில ரெண்டு மூணு வாட்டி குத்துனாங்க. கெடைக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்கன்னுட்டாங்க. நான் அப்பவே வேன் புடிக்க ஓடிட்டேன்."

துண்டைச் சுருட்டி வைத்தேன். வலது காலைப் பிடித்தேன். பிள்ளைகளே, இங்கேதான் என் தவறு. ஸ்பிரிட் பஞ்சை எடுத்தவன் முழுக் காலையும் துடைத்திருக்க வேண்டும். நெற்றி நிறையத் திருநீறு இட்டுக்கொண்டு நிற்கிற எனக்குக் கை வரவில்லை. அம்மன் கோயில் பிரசாதம்; அதுவும் உயிர் ஊசலாடுகிற குழந்தையின் மேல். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் துடைத்தேன். என் விரலுக்குத்தான் இடம் தெரியுமே! பூச்சின் மேலேயே தடவி, எலும்பைக் கண்டுபிடித்து, சரியாக அந்த இடத்தில் ஒரு வட்டம். ஊசி போடுகிற இடம் சுத்தமாக இருந்தால் போதும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

டாக்டரம்மா ஊசியை இறக்கினார். எலும்பின் கெட்டி மேற்பரப்பைத் தாண்டியதும் கைக்குச் சட்டென்று லேசாகுமே, அது வந்தது. கையை எடுத்தார். ஊசி தானாக நின்றது. முதல் சிரிஞ்ச் சலைன் தள்ளினார், போயிற்று. இரண்டாவது பாதி வரைக்கும் போயிற்று. நான் மனதுக்குள் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது பார்த்தேன். ஊசிக்கு ஒரு கட்டைவிரல் கீழே, காய்ந்து வெளுத்திருந்த பூச்சில் ஓரிடம் கறுத்தது. முதலில் மிளகு அளவு. பிறகு புளியங்கொட்டை அளவு. ஸ்பிரிட் வழிந்திருக்கும் என்று நினைத்தேன். ஸ்பிரிட் என்றால் காய வேண்டும், இது பரவியது. வியர்வையாக இருக்கும் என்று நினைத்தேன். வாயில் எச்சில்கூட இல்லாத குழந்தைக்கு வியர்வை ஏது?

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த எலும்பில் ஏற்கெனவே ஒரு ஓட்டை இருக்கிறது. நாங்கள் உள்ளே தள்ளும் நீர் அதன் வழியாக வெளியே வருகிறது.

புரிந்ததும் உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. சொன்னால், நான் துடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வார்டில் இடம் பார்க்கிறவன் நான். மூன்று மூச்சு விடும் நேரம் சும்மா நின்றேன். அந்தக் குழந்தையிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட மூன்று மூச்சு அவை. இன்றும் பூஜையில் உட்காரும்போது அவை எனக்கு ஞாபகம் வரும்.

"மேடம், நிறுத்துங்க."

"என்ன அண்ணாச்சி? நல்லாத்தானே போகுது?"

"லீக் ஆகுது. கீழே வேற ஓட்டை இருக்கு. நான் சரியா தொடைக்கல மேடம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஈரப் பஞ்சை எடுத்து ஒரே இழுப்பில் அந்தப் பூச்சைத் துடைத்தார். காய்ந்த ரத்தப் பொட்டோடு ஒரு சின்ன வட்டத் துளை. ஊர்க் கிளினிக்கில் யாரோ முயற்சி செய்திருக்கிறார்கள். கெண்டைச் சதையைத் தொட்டார். கசிந்த நீரால் இறுகத் தொடங்கியிருந்தது.

"ஊசியை எடுக்கிறேன். அழுத்திக் கட்டுங்க. அடுத்த காலைப் பாருங்க."

இடது காலிலும் அதே பூச்சு. இந்தக் காலிலும் துளை இருந்தால்? சிஸ்டர் கட்டுப் போட, நான் பஞ்சோடு இடது காலுக்குப் போனேன். தகப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார்! ஒண்ணுத்தத் தொடச்சீங்க, இன்னா ஆச்சு பார்த்தீங்கல்ல? இதையாவது வுடுங்க!"

வலை இழுக்கிற கை. நான் உதறினாலும் விடாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மனதில் இருந்த அதே பயம்தான் அவர் கையில் இருந்தது. தகப்பனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. துடைக்கச் சொல்ல வேறு ஒருத்தர் இருக்கிறார்.

"ஏழுமலை, அந்தம்மாவைக் கூட்டியா. ஓடு!"

தாய் உள்ளே வந்தார். அழுது அழுது குரல் போயிருந்தது. ஈரப் பஞ்சை அவர் கையில் வைத்தேன்.

"அம்மா, நீயே தொடை. பெத்தவ தொடச்சா அம்மன் கோச்சுக்கமாட்டா. தொடச்சதை எடுத்துப் புள்ள நெத்தியில வையி. சீக்கிரம்."

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு இழுப்பில் கால் சுத்தம். பஞ்சில் ஒட்டியதைக் குழந்தையின் நெற்றியில் தடவினார். தகப்பனின் பிடி தானாக விட்டுப்போயிற்று. தடவிக்கொண்டே தாய் சொன்னார்:

"அந்தக் கால்லதாண்ணா அவங்க குத்துனாங்க. இதுல கையே வெக்கல."

"அதை ஏம்மா முன்னாலயே சொல்லல?"

"என்னத்தான் வெளியில நிறுத்திட்டீங்களே!"

இடது காலைப் பார்த்தேன். துளை இல்லை, கீறல் இல்லை. துண்டைச் சரிசெய்தேன். நீர் வற்றிய தோல் துணி மாதிரி எலும்பின் மேல் வழுக்கியது. இரண்டு விரல் அளவு ஒரு இடம் சொன்னது. தட்டை எலும்பு அதற்குச் சற்றுக் கீழே கிடைத்தது. முன்பானால் அப்படியே காட்டியிருப்பேன். இந்த முறை விரலை எடுத்துவிட்டேன்.

"மேடம், நீங்களும் தொட்டுப் பாருங்க. நான் எங்கேன்னு சொல்லமாட்டேன்."

அவர் தடவி விரலை நிறுத்தினார். நான் மனதில் வைத்திருந்த அதே இடம்.

ஊசி இறங்கியது. நின்றது. சலைன் போயிற்று. நான் கெண்டைச் சதையில் கையை வைத்தபடியே இருந்தேன். மெத்தென்று இருந்தது. ஒரு சிரிஞ்ச், இன்னொன்று, இன்னொன்று. தாய் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நானும்தான். ஐந்தாவதோ ஆறாவதோ, சிஸ்டர் மணிக்கட்டில் விரலை வைத்துவிட்டு, "நாடி வருது" என்றார். சற்று நேரத்தில் குழந்தை முகத்தைச் சுளித்து அழுதது. கண்ணீர் இல்லாத அழுகை. கண்ணீர் வர சாயந்தரம் ஆயிற்று. அதற்குள் கையில் நரம்பு எழுந்து, சிஸ்டர் சாதாரண ஊசி போட்டு, காலில் இருந்ததை எடுத்துவிட்டோம்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாளைக்குக் காலையில எல்லாருக்கும் நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

மறுநாள் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. முடித்ததும் ஏழுமலை, "அப்ப அம்மன்தான் காட்டிக் குடுத்துச்சு அண்ணாத்த. பூச்சு இல்லாங்காட்டி ஈரம் உனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றான். கிண்டலா ஆறுதலா என்று இன்றுவரை தெரியாது. எனக்கும் அப்படி ஒரு எண்ணம் வந்ததுதான். ஆனால் பூச்சை முதலிலேயே துடைத்திருந்தால் ஈரத்தைப் பார்க்க வேண்டிய நிலையே வந்திருக்காது. இரண்டும் உண்மை. சாமியைக் காரணம் காட்டி நம் வேலையில் குறை வைக்கக் கூடாது என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு பேச்சும் வந்தது. வேறிடத்துக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் எழுத மறப்பார்கள், சீட்டே தொலைந்துபோகும். ஆகவே எலும்பில் முயற்சி செய்த காலில் ஒரு அடையாளம் கட்டியனுப்பும்படி சுற்றுவட்டக் கிளினிக்குகளுக்குச் சொல்லலாம் என்றார் டாக்டரம்மா. கால் கட்டைவிரலில் ஒரு துணி நாடா கட்டலாம் என்றார் சிஸ்டர்.

ஏழுமலை எழுந்தே நின்றுவிட்டான். "கட்டைவிரல்லயா? உயிர் போனவங்களுக்குத்தானே சிஸ்டர் அங்க கட்டுவாங்க! பெத்தவ பார்த்தான்னா அங்கயே வுழுந்துடுவா."

நாங்கள் யாரும் யோசிக்காதது. கணுக்காலில், கொலுசு மாதிரி, என்று முடிவாயிற்று. சில கிளினிக்குகள் செய்தன, சில செய்யவில்லை. ஆனால் இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு நாள், படாளத்திலிருந்து ஒரு குழந்தை சீட்டு எதுவும் இல்லாமல், கணுக்காலில் கசங்கிய துணி நாடாவோடு வந்தது. தூக்கிவந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் நேராக அடுத்த காலுக்குப் போனோம். அன்றைக்கு ஏழுமலைக்கு நான் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டான். கட்டைவிரலுக்கு என்றேன்.

இப்போது உங்களிடம் சின்னத் துப்பாக்கி போல ஒரு கருவி இருக்கிறதாம். பொத்தானை அழுத்தினால் ஒரு நொடியில் எலும்புக்குள் போய்விடுமாம். மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் காட்டுகிற இடத்தில்தான் அது இறங்கும். ஓட்டை விழுந்த எலும்பு எது என்று அதற்குத் தெரியாது. காலை முழுசாகத் திறந்து பாருங்கள். துண்டை வைத்த பிறகு தொடுங்கள். இன்னொருவர் விரலையும் தொடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், குழந்தையைத் தூக்கிவந்த தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் அழட்டும், கத்தட்டும். அழுதுகொண்டே பதில் சொல்லத் தாய்மார்களுக்குத் தெரியும்.

காலில், கையில், மார்பில் எங்கே திருநீறோ குங்குமமோ பூசிக்கொண்டு வந்தாலும், பிறகு என் சர்வீஸ் முடியும்வரை நான் துடைத்ததில்லை. தாய் இருந்தால் தாயின் கையில் பஞ்சு. இல்லாவிட்டால் வந்தவர் கையில். துடைத்தது நெற்றிக்குப் போகும். பத்து நொடிகூட ஆகாது. தாயத்தும் கயிறும் அப்படித்தான். அவர்களே அவிழ்த்து, அவர்களே மடியில் முடிந்துகொள்வார்கள். பள்ளிவாசலில் ஓதிக் கட்டியதானாலும், மாதா கோயில் எண்ணெயானாலும் எனக்கு ஒரே முறைதான்.

பவானி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். நான்காம் நாள் காலை வீட்டுக்குக் கிளம்பினாள். வலது காலில் பேண்டேஜ், இடது காலில் ஒரு பிளாஸ்திரி, கையில் பாதி தின்ற பன். தகப்பன் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வாசல்பக்கம் நின்றார். தாய்தான் நேராக என்னிடம் வந்து, முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அதே அம்மன் கோயில் திருநீறு.

"அண்ணா, உன் கையால வெச்சு வுடு."

குழந்தையின் நெற்றியில் வைத்தேன். அவள் பன்னை என் சட்டையில் தேய்த்தாள்.

"கால்லயும்" என்றார் தாய்.

நான் தயங்கினேன். திருநீறு எடுத்த கை அப்படியே நின்றது. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

"இன்னாண்ணா, பயமா கீதா? வேணும்னா நானே தொடச்சுத் தர்றேன். வையி."

வைத்தேன்.